குட்வில் எஸ்டேட்டில் தலைவலி மருந்து

சென்னைத் துறைமுகத்திலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் தெற்கு அந்தமான் தீவை அடையலாம். கப்பலில் செல்வோர்க்கு மூன்று நாட் பயணம். வானூர்தியில் செல்வோர்க்கு இரண்டு மணிக்குச் சற்று மேல். நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற தலைநகரின் சந்தடியைக் கடந்து உள்ளே சென்றால், பாக்கு மரங்களும் தென்னைகளும் மலைச்சரிவில் நெருங்கி நிற்கும் சிற்றூர்கள் வரும். அவற்றுள் ஒன்று குட்வில் எஸ்டேட். பெயரைத் தமிழாக்கினால் ‘நல்லெண்ணத் தோட்டம்’ என்றாகும். நல்லெண்ணம் என்ற சொல்லுக்கும் நல்லெண்ணெய் என்ற சொல்லுக்கும் ஈரெழுத்தே வேறுபாடு. அவ்வூரில் நாம் தங்கியிருந்த நாட்களில் இவ்விரண்டும் ஒருங்கே கண்டோம்.

அந்தமானைப் பற்றி எழுதுவோர் சிற்றறைச் சிறையையும் கடற்கரையையும் விரித்து எழுதுவது வழக்கம். அவை எழுதத் தக்கனவே. ஆயினும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் இம்மாதம் சொல்ல விரும்புவது வேறொன்று. கடல் கடந்து குடியேறிய தமிழர், பெட்டி படுக்கையோடு கைம்மருந்தையும் கொண்டு சென்றனர். அந்தக் கைம்மருந்து புதிய மண்ணில் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் அது நின்றுவிட வேண்டும் என்பதைக் குட்வில் எஸ்டேட்டில் தெளிவாகக் கண்டோம். எடுத்துக்காட்டாகத் தலைவலி ஒன்றை மட்டுமே கொள்வோம். தலை உள்ள எவர்க்கும் தெரிந்த நோய் அதுவன்றோ?

வேலியோரத்து மருந்துப் பெட்டி

ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டில் இத்தீவுகளில் கைதிகளின் குடியிருப்பை நிறுவினர். கைதிகளாகவும், கூலிகளாகவும், வணிகராகவும், அரசு ஊழியராகவும் தமிழர் பல காலத்தில் பல வழியாக இங்கு வந்து சேர்ந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாட்டுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் சிலர், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர். வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்த இடம் தமிழுக்கே. கடைவீதியில் எல்லார்க்கும் பொதுவாய் நிற்பது இந்தி. வீட்டு வாசலைத் தாண்டியதும் தமிழ் தொடங்குகிறது. கொல்லைப்புறத்தில் அது இன்னும் ஆழமாகிறது.

நாம் தங்கிய வீட்டின் வேலியோரத்தில் நொச்சி நின்றது. இராமநாதபுரச் சீமையிலிருந்து நொச்சிக் கொம்பை ஈரச் சாக்கில் சுற்றிக் கப்பலில் கொண்டு வந்ததாக அவ்வீட்டார் கூறினர். வெட்டி நட்ட கொம்பு தழைக்கும் இயல்புடையது நொச்சி. மூன்று நாட் கடற்பயணம் அதற்கு ஒரு பொருட்டன்று. அதன் பக்கத்தில் துளசியும் கற்பூரவல்லியும் திருநீற்றுப்பச்சிலையும் இருந்தன. பாக்கு மரத்தைப் பற்றி வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. தென்னைக்கும் பாக்குக்கும் இடையே மிளகும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் ஊடுபயிராக வளர்வது இத்தீவுகளில் பரவலாகக் காணும் காட்சி. ஆகவே ஊரில் செட்டியார் கடைக்குச் சென்று வாங்கிய சரக்குகள் பல, இங்கே கை நீட்டிப் பறிக்கும் தொலைவில் உள்ளன.

முதலில் கேள்வி, பின்னர் மருந்து

அவ்வீட்டில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்த பேரன், “அப்பத்தா, தலை வலிக்குது” என்று சுவரில் சாய்ந்தான். அம்மையார் சந்தனக் கல்லையோ சுக்கையோ தேடவில்லை. முதலில் கேட்டார்:

“எங்கடா வலிக்குது? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? எப்பயிருந்து வலிக்குது? மத்தியானம் சோறு உண்டியா?”

கேட்டுக்கொண்டே புறங்கையை அவன் கழுத்தடியில் வைத்துப் பார்த்தார். உடம்பு சுடவில்லை. நண்பகல் உணவைப் பாதியில் விட்டுவிட்டு விளையாடப் போனவன், தண்ணீரும் குடிக்கவில்லை என்று தெரிந்தது. ஓர் இளநீரும் இரண்டு தோசையும் அவனுக்கு மருந்தாயின. ஒரு மணி நேரத்தில் பையன் மறுபடி தெருவில் இருந்தான்.

இச்சிறு நிகழ்ச்சியில் நம் கைம்மருத்துவத்தின் உயிர்நிலை அடங்கியிருக்கிறது. தலைவலிக்கு மருந்து யாது என்று கேட்பது பாதிக் கேள்வியே; எந்தத் தலைவலிக்கு என்று கேட்டால்தான் அது முழுமையாகும். நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். வெயில் தலைவலி, பசித் தலைவலி, பித்தத் தலைவலி, நீர்க்கோவை, ஒற்றைத் தலைவலி என்று அவர்கள் வைத்த பெயர்களே அதற்குச் சான்று. மண்டையிடி என்று தென்பாண்டியிலும், தலையிடி என்று ஈழத்திலும் வழங்கும் சொற்கள், வலி எப்படித் தாக்குகிறது என்பதையே பெயராக்கிக் காட்டுகின்றன. பெயர் பிரித்துச் சொல்லத் தெரிந்த வீட்டில்தான் மருந்து பிரித்துக் கொடுக்கவும் தெரியும்.

எளிய வலியும் எளிய மருந்தும்

முதலாவது, தாகத்தாலும் பசியாலும் வருவது. அந்தமானின் வெப்பநிலை நம் மதுரை, வேலூர்க் கோடையைப் போல உயர்வதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு அது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உடலிலேயே நிற்கிறது. வியர்ப்பது தெரிகிறது, நீர் குறைவது தெரிவதில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். இவ்வலிக்கு இளநீர், நீர்மோர், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் ஆகியவற்றினும் சிறந்த மருந்து இல்லை. பற்றுப் போடுவது வீண் வேலை.

இரண்டாவது, காப்பி விட்டதால் வருவது. நாள்தோறும் மூன்று வேளை காப்பி அருந்துவோர் நோன்பு நாளில் அதை நிறுத்தினால், அன்று மாலைக்குள்ளோ மறுநாளோ தலை கனக்கும். காப்பியிலுள்ள காஃபீன் என்னும் பொருளுக்குப் பழகிய உடல் அதைக் கேட்பதே காரணம். இதற்குச் சுக்கு மல்லிக் காப்பி கொடுப்பவர் உளர். பெயரில் காப்பி இருக்கிறதே தவிர, சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கலந்த அப்பானத்தில் காப்பித் தூள் இல்லை. தொண்டைக்கு அது இதம் தரும். காப்பி விட்ட தலைவலியை அது தீர்க்காது. நோன்புக்கு ஒரு வாரம் முன்னரே காப்பியைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே தக்க வழி.

மூன்றாவது, தசை இறுக்கத்தால் வருவது. தலையைச் சுற்றி இறுகக் கயிறு கட்டினாற்போன்ற வலி இது. கவலை, தூக்கக் குறைவு, கழுத்தைக் குனிந்தபடி நெடுநேரம் கைப்பேசியையோ கணினியையோ பார்த்தல் ஆகியவை இதனைத் தூண்டும். இதற்குக் கழுத்தையும் தோளையும் இதமாகப் பிடித்துவிடுதல், வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்தல், உறக்கம் ஆகியவை நலம் தரும். புதினா வகைச் செடிகளிலிருந்து வரும் மென்தால் கலந்த தைலத்தை நெற்றியில் தடவுவதும் பயனுள்ளதே. 1996இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குப் பத்துப் பங்கு புதினா எண்ணெய் கலந்த நீர்மத்தை நெற்றியில் தடவியபோது, இவ்வகைத் தலைவலி ஒரு கிராம் பாராசிட்டமால் உண்டது போலவே தணிந்ததாகக் கண்டனர்.

நான்காவது, சளி பிடித்து வரும் நீர்க்கோவை. குட்வில் எஸ்டேட்டு வீடுகளில் நொச்சி பயன்படுவது இதற்கே. கைப்பிடி நொச்சி இலையைக் கொதிநீரில் இட்டு, போர்வைக்குள் இருந்து ஆவி பிடிக்கின்றனர். சூடான ஈரக்காற்று மூக்கடைப்பை இளக்குவது கண்கூடு. இலையின் மணம் மூச்சுக்கு இதம் சேர்க்கிறது. உலர்ந்த நொச்சி இலையைத் தலையணையில் அடைத்து உறங்குவதும் உண்டு. சுக்கைச் சந்தனக் கல்லில் நீர்விட்டு உரைத்து, இளஞ்சூட்டில் நெற்றியில் பற்றிடுவது மற்றொரு முறை. அது தோலிற் சூட்டுணர்வைத் தூண்டி, உள்வலியின் உணர்வைச் சற்று மறைக்கிறது. சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையும் விழுங்குவதற்கன்று. உரைத்து நெற்றியிற் பற்றிடுவதற்கே.

இங்கே மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஆவி பிடிக்கும் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போகும் குழந்தைகள் எந்நாட்டிலும் உண்டு. சிறுவரைப் போர்வைக்குள் கொதிநீரோடு இருத்தலாகாது. சுக்குப் பற்று கண்ணருகே வழியலாகாது. எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும். பச்சிலைச் சாற்றை மூக்கிலோ கண்ணிலோ விடுவது பயின்ற மருத்துவர் செய்யும் முறை. வீட்டில் நாம் செய்யத் தக்கதன்று.

ஒற்றைத் தலைவலி என்னும் தனி நோய்

மேற்கூறியவை வந்து போகும் விருந்தாளிகள். ஒற்றைத் தலைவலி அப்படியன்று. அது வீட்டோடு தங்கும் உறவு. உலகில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவரை இது வருத்துகிறது. ஆண்களினும் பெண்களுக்கு ஏறக்குறைய மும்மடங்கு மிகுதி. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவதுண்டு. பாதித் தலையில் நாடி துடித்தாற்போல வலிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியா. மருந்து கொள்ளாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலர்க்கு வலி தொடங்குமுன் கண்ணெதிரே மின்னலும் வளைகோடும் தோன்றும்.

இந்நோயுடைய பெண்களை நம் குடும்பங்கள் நடத்தும் முறையைப் பற்றி ஒரு சொல். “வேலைக்குப் பயந்து படுத்துக்கொண்டாள்” என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. இருட்டறையில் படுத்திருப்பது சோம்பலன்று. அந்நோய்க்கு அதுவே முதல் மருந்து. மூளையின் நரம்புகள் சார்ந்த நோய் இது என்று மருத்துவ உலகம் ஐயமற அறிந்திருக்கிறது. வலி வந்த நாளில் அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்வதைவிடச் சிறந்த மூலிகை எந்தத் தோட்டத்திலும் முளைப்பதில்லை.

இதனை நீர்க்கோவை என்று தவறாக எண்ணுவோர் பலர். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு மூக்குப்புழையால் வரும் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்தனர். அவருள் நூற்றுக்கு 88 பேர்க்கு இருந்தது உண்மையில் ஒற்றைத் தலைவலி வகையே. ஆண்டுக்கணக்கில் ஆவி பிடித்தும் தீரவில்லை என்று வருந்தும் அன்பர்கள் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பாராக.

இந்நோய்க்கு நம் அடுக்களையில் உதவி உண்டா? இஞ்சிக்கு ஓரளவு நற்சான்று கிடைத்திருக்கிறது. 2014இல் ஈரான் நாட்டு மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், 100 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சுக்குத் தூளும் மற்றொரு பிரிவினர்க்குச் சுமட்ரிப்டான் என்ற மருந்தும் தந்தனர். இரண்டு மணி நேரத்தில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றனர். சிறிய ஆய்வாதலின் இதையே முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் குமட்டலோடு வரும் வலிக்கு இஞ்சிக் கஷாயம் கொடுத்த நம் பாட்டிமார் வீணாகக் கொடுக்கவில்லை என்பது தெரிகிறது. வேளை தவறாத உணவு, வேளை தவறாத உறக்கம், வலி வந்த நாளையும் அதற்குமுன் உண்டதையும் குறித்துவைக்கும் ஒரு சிறு குறிப்பேடு ஆகிய மூன்றும் செலவில்லாத மருந்துகள். மாதந்தோறும் பல முறை வருமாயின், வராமல் தடுக்கும் மருந்துகளும் மருத்துவரிடம் உள்ளன.

மருந்தும் குடியேறியதே

நாட்டு மருந்து, சீமை மருந்து என்று நாம் கோடு கிழித்துப் பேசுகிறோம். அந்தக் கோடு அவ்வளவு நேரானதன்று. நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் உதகைக்கு வந்து குடியேறியது. கிராம்பின் பிறந்தகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். நம் வீடுகளில் தலைவலிக்கு மறுபெயராகிவிட்ட அமிர்தாஞ்சன், ஆந்திர நாட்டவரான காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய தொழிலின் விளைவு. நம்மைப் போலவே இவையும் வேறிடத்திலிருந்து வந்து வேரூன்றியவை.

மறுபுறம், சீமை மருந்து என்று நாம் ஒதுக்கும் ஆஸ்பிரினுக்கும் மரப்பட்டையே மூதாதை. இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், வில்லோ மரத்துப் பட்டை காய்ச்சலைத் தணிப்பதை 1763இல் அறிவித்தார். அவ்வழியே நடந்த ஆய்வுகளின் முடிவில் 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரின் உருவாயிற்று. பட்டையில் இருந்தபோது ஒரு நாளைக்கு ஒரு விதமாக இருந்த வலிமை, மாத்திரையில் அளவோடு அடங்கியது. வேறுபாடு பெரும்பாலும் அளவில்தான்.

மூலிகை என்பதனாலேயே தீங்கற்றது என்று கருதுவதும் பிழை. ஐரோப்பாவில் பட்டர்பர் என்னும் செடியின் சாரத்தை ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்து வந்தனர். பயனுண்டு என்று 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகம் பரிந்துரைத்தது. கல்லீரலுக்குக் கேடு விளைவிக்கலாம் என்ற அச்சத்தால் 2015இல் அப்பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. அதுபோலவே மாத்திரையும் அளவு மிஞ்சினால் பகையாகும். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்து உண்டால், அம்மாத்திரையே புதிய தலைவலியை உண்டாக்கும். பல மருந்து கலந்த மாத்திரைகளுக்கு 10 நாளே எல்லை.

மழைக்காலத்துக் காய்ச்சல்

இதுவரை சொன்னவை எந்த ஊர்த் தமிழ்க் குடும்பத்துக்கும் பொருந்துவன. இனிச் சொல்லப் போவது அந்தமான் நமக்குக் கற்பித்த பாடம்.

வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் என்றொரு பகுதி உண்டு. நெல் விளையும் நிலம். 1988ஆம் ஆண்டு முதல் அங்கே மழைக்காலத்தை அடுத்து ஒரு காய்ச்சல் பரவலாயிற்று. முதலில் வந்தது காய்ச்சலும் கடுந்தலைவலியும் உடல்வலியுமே. சிலர்க்குச் சில நாளில் இருமலோடு இரத்தம் வந்தது. மூச்சுத் திணறி மாண்டவரும் உளர். நோயின் காரணம் புலப்படாமையால் அதற்கு அந்தமான் இரத்தக் கசிவுக் காய்ச்சல் என்று ஊர்ப்பெயரே வைத்தனர். 1993ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது மீண்டும் பரவியபோது, போர்ட் பிளேரில் 1983இல் நிறுவப்பெற்ற வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் நோயாளரின் குருதியை ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமியால் வருவதைக் கண்டறிந்தனர். தமிழில் எலிக்காய்ச்சல் என்கிறோம். இதில் வியப்பு யாதெனின், அதே நோயை அதே தீவுகளில் டெய்லர், கோயல் என்ற ஆய்வாளர் இருவர் 1929இலேயே கண்டு, 1931இல் ஆய்வேடாகவும் வெளியிட்டிருந்தனர். அறுபது ஆண்டில் அது மறக்கப்பட்டுவிட்டது. மறதிக்கு விலையாக உயிர்கள் போயின.

எலி, மாடு, பன்றி முதலியவற்றின் சிறுநீர் வழியே இக்கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலக்கிறது. வயலில் இறங்கிய காலின் வெடிப்பு வழியாகவும் சிராய்ப்பு வழியாகவும் உடலுள் புகுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் திடீரெனக் காய்ச்சல் அடிக்கும், தலை பிளக்கும், கெண்டைக்கால் தசை தொட முடியாதபடி வலிக்கும், கண் சிவக்கும். தொடக்கத்திலேயே மருத்துவமனை சென்றால் பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளே போதும். காலம் தாழ்த்தினால் ஈரலும் சிறுநீரகமும் நுரையீரலும் கெடும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வயலிலிருந்து வந்தவன் “தலை வலிக்கிறது” என்கிறான். வீட்டார் அன்போடு சுக்குப் பற்றிடுகின்றனர். நெற்றி சுரீரென்று எரிகிறது. வலி சிறிது மறைகிறது. மறுநாள் நொச்சி ஆவி. மூன்றாம் நாள் கஷாயம். இவற்றுள் எதுவும் நஞ்சன்று. ஆயினும் அந்த மூன்று நாளே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட நாளாக இருந்துவிடக்கூடும். பற்று கெடுப்பதில்லை; பற்றின்மேல் கொண்ட நம்பிக்கையால் கழியும் நேரமே கெடுக்கிறது. மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் இது பொருந்தும்; அவையும் தலைவலி வேடத்தில்தான் முதலில் வாசற்படி ஏறும்.

குட்வில் எஸ்டேட்டு அம்மையாரிடம் இதைப் பற்றிப் பேசினோம். அவர் சொன்ன விடை நம்மை வியக்க வைத்தது. “உடம்பு சுட்டுக்கிட்டுத் தலை வலிச்சா, அது தலையில இருக்கிற வலி இல்ல தம்பி. உள்ளுக்குள்ள என்னமோ நடக்குது, அது தலையில வந்து கதவு தட்டுது. அதுக்கு நான் கல்லு எடுக்க மாட்டேன். வண்டி கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்” என்றார். முறையாக மருத்துவம் பயிலாதவர் அவர். அவர் புறங்கை கழுத்தடியில் முதலில் தேடியது இந்த ஒன்றையே என்பது அப்போது நமக்கு விளங்கிற்று. எதை எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்தே அவர் தம் அன்னையிடம் கற்றிருக்கிறார்.

நம் வீட்டுச் சுவருக்கு ஒரு தாள்

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் மருந்தின் பெயர் மட்டும் பிள்ளைகளுக்குச் செல்கிறது, கேள்வி செல்வதில்லை. சுக்கு தலைவலிக்கு நல்லது என்று அறிந்த மகள், எந்தத் தலைவலிக்கு என்று அறியாமல் வளர்கிறாள். தொலைவில் வாழும் நமக்குப் பக்கத்து வீட்டில் அப்பத்தா இல்லை. ஆகவே அவர் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைக்குமாறு நம் சங்கத்து இல்லத்தரசியரையும் இல்லத்தலைவரையும் வேண்டுகிறோம்.

தாளின் மேற்பகுதியில் எழுதத் தக்கவை: உண்டாயா, நீர் பருகினாயா, உறங்கினாயா, காப்பி விட்டாயா, சளி உண்டா, ஒரு பக்கமா, முன்பும் இவ்வாறு வந்ததுண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தால் இளநீரோ, உறக்கமோ, ஆவியோ, தைலமோ, இருட்டறையோ எது வேண்டும் என்பது தானே விளங்கும்.

கீழ்ப்பகுதியில், சிவப்பு மையால் எழுதத் தக்கவை: காய்ச்சலோடு வரும் தலைவலி, பிடரி விறைத்து நிற்றல், இடி விழுந்தாற்போல நொடியில் உச்சத்தை எட்டும் வலி, கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, நாளுக்கு நாள் வளரும் வலியும் வாந்தியும், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் புதிய வலி, கருவுற்ற பெண்ணுக்கு வரும் கடுந்தலைவலி. இவற்றுள் ஒன்று இருந்தாலும் கல்லையும் இலையையும் தொடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சலுற்ற சிறுவர்க்கு வீட்டில் ஆஸ்பிரின் தரலாகாது. டெங்குவோ என்று ஐயுற்றால் பெரியவர்க்கும் அது ஆகாது. கைக்குழந்தையின் மூக்கருகே கர்ப்பூரம் கலந்த தைலம் தடவலாகாது. பெயரும் சேர்மானமும் எழுதப்படாத பொடியை எவர் கொடுத்தாலும் உண்ணலாகாது. மழைக்காலத்தில் வயலிலோ வெள்ளநீரிலோ இறங்கி வந்தவர்க்குக் காய்ச்சல் கண்டால், அச்செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு செய்தியே நோயைக் காட்டிக் கொடுக்கும்.

அந்தமானுக்குச் செல்லும் அன்பர்கள் கடலையும் சிறையையும் கண்டு வருக. ஒரு நாள் ஒதுக்கி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே நம் மொழி பேசும் வீடுகளின் கொல்லைப்புறத்தையும் காண்க. அங்கே தழைத்து நிற்கும் நொச்சியின் கொம்பு ஒன்றைக் கேட்டால் மகிழ்ந்து ஒடித்துத் தருவர். அதை எப்போது பறிக்க வேண்டும் என்பதையும், எப்போது பறிக்கலாகாது என்பதையும் கூடவே கேட்டு வாருங்கள்.